ஓட்டர் ஜாபிதாவும் பைத்தியக்காரப் பட்டமும்



இன்றைய கூட்டத்தில் அமெரிக்க அரசியல்வாதி ஒருவரின் பொதுவாழ்வைப் பற்றிப் பேசுவதாக விளம்பரம் செய்யப்பட்டிருக்கிறது. அமெரிக்கா என்றதும் லிங்கனைப் பற்றியோ ரூஸ்வெல்ட்டைப் பற்றியோ கேட்கலாம் என்று வந்தவர்கள் சிறிது ஏமாந்துதான் போகவேண்டும். நாம் எடுத்துக்கொண்ட மனிதர் எர்ல் லாங் என்பவர். அவர் ஜனாதிபதி ஆகவில்லை. வாஷிங்டன் நகரத்திலுள்ள பெரிய சட்டசபையில் ஒரு நாளாவது உட்கார்ந்ததும் இல்லை. தெற்கே லூசியானா என்னும் ஒரு மாகாணத்தில் மூன்று தடவை கவர்னராக இருந்து 1960-ல் இறந்துபோனவர். அங்கே கவர்னர் என்பவர் மேலேயிருந்து நியமிக்கப்படுகிறவரல்ல. ஜனங்கள் நேராக ஓட்டுப் போட்டுத் தெரிந்தெடுக்கும் மாகாணத் தலைவர் அவர். நம்முடைய முதல்மந்திரியைப் போன்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். இந்த எர்ல் லாங்கை ஒரு உத்தமர் என்று காட்டி உங்களைக் கையெடுத்துக் கும்பிடச் சொல்ல நாம் வரவில்லை. அவர் குடிப்பார். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவார். மேடையேறினால் எதிரியை வாய்க்கு வந்தபடி ஏசுவார். தம் கட்சிக்காரருக்கு உத்தியோகம் கொடுப்பதற்குத் தடையாயிருக்கிறது என்று, சர்க்கார் உத்தியோகங்களைப் பரீட்சை வைத்து நிரப்பும் ஏற்பாட்டையே 1948-ல் எடுத்தெறிந்தார். சொந்த அண்ணனுக்கு விரோதமாகவே ஒரு சமயம் சாட்சி சொன்னவர். இவ்வளவும் உள்ள மனிதரைப் பற்றி ஏன் பேசவேண்டுமென்றால், இதில் ஒன்றுமே இல்லாத கனவான்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதாகோவிலுக்குப் போய்வருகிறவர்கள், சட்டை மடிப்புக் கசங்காதவர்கள் பலர் கூடிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஏழைகளுடைய பெயர்களை ஓட்டர் ஜாபிதாவிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காலத்தில், சட்டசபையில் எழுந்து நின்று இது அக்கிரமம் என்று தொண்டை கிழியக் கத்தியவர் இந்தக் குடிகாரர்தான். அதற்காகத்தான் பேசுகிறோம்.

தோழர்களே! இது விளங்கவேண்டுமானால் அந்த மாகாணத்தில் ஓட்டு என்பது என்ன பாடுபட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கறுப்பு மக்கள் அங்கே அடிமைகளாயிருந்தவர்கள். 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்தது. நிறத்தைக் காரணமாகக் காட்டி யாருடைய ஓட்டையும் தடுக்கக்கூடாது என்று 1870-ல் அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். லூசியானாவில் 1896-ல் ஜாபிதாவில் இருந்த கறுப்பு ஓட்டர்கள் 1,30,000-க்கு மேல். எட்டு வருஷம் கழித்து 1904-ல் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? 1,342 பேர்! மற்றவர்களைப் பூகம்பம் வந்து விழுங்கிவிடவில்லை. 1898-ல் மாகாணச் சட்டப் புஸ்தகத்தில் நாலு வரி சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

அந்த நாலு வரி என்ன? ஓட்டுப் போடுகிறவனுக்குப் படிப்பு இருக்கவேண்டும். அல்லது சொத்து இருக்கவேண்டும் என்றார்கள். அப்படியானால் படிப்பும் சொத்தும் இல்லாத வெள்ளைக்காரன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். அவனுக்கும் வழி வைத்தார்கள். 1867-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதிக்கு முன் எவனுடைய தகப்பனோ பாட்டனோ ஓட்டுரிமை பெற்றிருந்தானோ அவனுக்குப் படிப்பும் வேண்டாம், சொத்தும் வேண்டாம் என்றார்கள். அந்தத் தேதியில் கறுப்பருடைய தகப்பனும் பாட்டனும் ஓட்டில்லாதவர்கள். ஆகவே பாட்டன் ஓட்டுப் போட்டிருந்தால் பேரன் தற்குறியானாலும் தகுதியுள்ளவன்; பாட்டன் அடிமையாயிருந்திருந்தால் பேரன் ஏழைப் பள்ளிக்கூடத்தில் படித்த நாலெழுத்தைக் கொண்டுவந்து காட்டி நிரூபிக்க வேண்டும். பிறப்பினாலேயே தகுதி என்கின்ற பித்தலாட்டத்தை இதைவிட வெட்டவெளிச்சமாக எழுதமுடியுமா என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் அந்தச் சட்டத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கறுப்பன் என்கிற வார்த்தை அதில் அகப்படாது.

இந்தப் பாட்டன் சட்டம் செல்லாது என்று 1915-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. விட்டார்களா? 1921-ல் வேறொரு பூட்டுக் கொண்டுவந்தார்கள். ஓட்டர் ஜாபிதாவில் பெயர் பதிய வருகிறவன் அரசியல் சட்டத்திலிருந்து ஏதாவது ஒரு ஷரத்துக்கு அர்த்தம் சொல்லவேண்டும். அந்த அர்த்தம் பெயர் பதிகிற ரிஜிஸ்திராருக்குத் திருப்தியாக இருக்கவேண்டும். திருப்தி! யாருடைய திருப்தி? வெள்ளைக்கார ரிஜிஸ்திராருடைய திருப்தி. எந்த ஷரத்தைக் கேட்பது என்பதும் அவர் இஷ்டம். சொன்னது சரியா தப்பா என்பதும் அவர் இஷ்டம்.

இது நடந்த லட்சணத்துக்கு, 1965-ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே ஏறியிருக்கிற இரண்டு திருஷ்டாந்தம் போதும். வீட்டைச் சோதனை போடுவது, சாமானைக் கைப்பற்றுவது சம்பந்தமான ஷரத்துக்கு அர்த்தம் கேட்டபோது, அதிகாரமுள்ளவரிடம் வாரண்டு பெற்று வந்து படித்துக் காட்டவேண்டும் என்கிற கருத்தில் ஒரு கறுப்பர் பதில் எழுதினார். நம்மில் ஒரு வக்கீலைக் கேட்டாலும் ஏறக்குறைய இதைத்தானே சொல்லுவார்? அது தப்பு என்று தள்ளப்பட்டது. ஒரு வெள்ளைக்காரர் தம்மிடம் கேட்கப்பட்டதற்கு மூன்றே வார்த்தை எழுதினார். பேச்சுச் சுதந்திரம் என்பதற்கான ‘ஃப்ரீடம் ஆஃப் ஸ்பீச்’ என்பதை ‘ஃப்ர்டம் ஃபூஃப் ஸ்பெட்க்’ என்று படிக்கும்படியாக எழுதிக் கொடுத்தார். அது திருப்தி! அவருக்கு ஓட்டு உண்டு.

இந்த மாகாணத்தின் வடபகுதியில் வின் பாரிஷ் என்ற இடத்தில் 1895-ல் எர்ல் லாங் பிறந்தார். அங்கே ஜில்லாவைப் பாரிஷ் என்பார்கள். அது பழைய கத்தோலிக்கக் கோவில் எல்லைக்கு உள்ள பெயர். கோவிலதிகாரம் எப்போதோ போய்விட்டது, பெயர் மாத்திரம் போகமாட்டேன் என்கிறது! அது பைன் மரக் காடும் வறண்ட மேட்டு நிலமுமான சீமை. பெரிய பருத்திப் பண்ணை முதலாளிகளைக் கண்டால் ஆகாத சிறு விவசாயிகள் அங்கே அதிகம். அவருடைய அண்ணன் ஹ்யூயி லாங் 1928-ல் கவர்னரானார். பணக்காரனுடைய சொத்துக்கு வரம்பு கட்டவேண்டும் என்று நாடெங்கும் பிரசாரம் செய்தார். ஓட்டுப் போடுவதற்குக் கட்டவேண்டியிருந்த தலைவரியை 1934-ல் ஒழித்தார். 1935 செப்டம்பரில் சட்டசபைக் கட்டடத்திலேயே சுடப்பட்டு மாண்டார். அண்ணனுடைய கதை தனியாக ஒரு கூட்டத்துக்கு வேண்டிய கதை. அதை இப்போது தொடவில்லை.

தம்பி ஊர் ஊராகச் சென்று சாமான் விற்கும் வேலை பார்த்துப் பிறகு அரசியலுக்கு வந்தவர். அண்ணனுக்கு எதிர்க்கோஷ்டியில் நின்று உதவிக் கவர்னர் பதவிக்குத் தோற்றார். பிறகு 1936-ல் அந்தப் பதவியைப் பெற்றார். 1939-ல் கவர்னராயிருந்த லெச்சே என்பவர் ஊழலில் சிக்கி ராஜினாமா செய்ததால் அந்த நாற்காலி இவருக்கு வந்தது. 1940-ல் தோல்வி. 1944-லும் தோல்வி. 1948-ல் பெரிய மெஜாரிட்டியில் வெற்றி. அங்கே கவர்னர் அடுத்தடுத்து இரண்டு தடவை இருக்கக்கூடாது என்று சட்டமிருந்தபடியால் நாலு வருஷம் வீட்டிலிருந்து, 1956-ல் முதல் சுற்றிலேயே வெற்றி பெற்றார்.

1948-ல் வந்தவுடன் என்ன செய்தார்? வயோதிகர்களுக்கு மாதம் 50 டாலர் பென்ஷன் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பகற்சாப்பாடு கொடுத்தார். அதுவரையில் ஒரே வேலை செய்த உபாத்தியாயர்களில் வெள்ளையருக்கு ஒரு சம்பளமும் கறுப்பருக்கு அதைவிடக் குறைந்த சம்பளமும் இருந்ததை மாற்றி இருவருக்கும் ஒரே சம்பளம் என்றார். அந்தச் சம்பள விஷயத்தில் கறுப்பு உபாத்தியாயர்கள் கோர்ட்டுக்குப் போய்ப் போராடி நெருக்கியிருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். கவர்னர் தானம் கொடுத்ததாக நினைத்துவிடாதீர்கள். இதற்கெல்லாம் பணத்துக்கு என்ன செய்தார் என்றால் விற்பனை வரியை இரட்டிப்பாக்கினார். அது நமக்குச் சம்மதமில்லாத காரியம். ஏனென்றால் விற்பனை வரி என்பது ஏழை வாங்குகிற ரொட்டியிலும் ஏறி உட்காருகிற வரி. பென்ஷன் வாங்கிய கிழவியே அதில் ஒரு பங்கைக் கடையில் திருப்பிக் கட்டியிருப்பாள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒரு சர்க்கார் சர்வகலாசாலை ஏற்படுத்தும் சட்டம் 1956-ல் அவர் கையெழுத்தில் வந்தது. 1958-ல் அது திறந்தபோதே வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் சேர்ந்தே படித்தார்கள். தெற்கு மாகாணங்களில் அக்காலத்தில் இது சாதாரணமான காரியமல்ல.

இதற்கிடையில் இன்னொரு காரியம் நடந்தது. அந்தப் பக்கத்தில் அப்போது டெமாக்ரட்டிக் கட்சி ஒன்றுதான் கட்சி. அந்தக் கட்சிக்குள் அபேட்சகர் யார் என்று தெரிந்தெடுக்கும் முன்தேர்தலில் ஜெயித்தவனே பதவிக்கு வருவான். அந்த முன்தேர்தலில் கறுப்பருக்கு இடம் கொடாமல் வைத்திருந்தார்கள். அது கூடாது என்று 1944-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு கறுப்பு மக்கள் துணிந்து வந்து பெயர் பதிய ஆரம்பித்தார்கள். லூசியானாவில் 1940-ல் ஆயிரம் பேர் கூட இல்லாத இடத்தில் 1956-ல் சுமார் 1,60,000 பேர் ஆகிவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் எர்ல் லாங்குக்கு ஓட்டுப் போட்டார்கள்.

இதைச் சொன்னவுடன் ஒரு தோழர் கேட்கலாம், “அப்படியானால் அவர் பின்னால் அவர்களுக்காகக் கத்தியது தம்முடைய ஓட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே? அதிலென்ன பெருமை?” என்று. சுயநலம்தான்; யார் இல்லையென்றார்கள்? ஆனால் ஓட்டு என்பதே அதற்காகத்தானே ஏற்பட்டது? ஏழையினுடைய தயவு வேண்டும் என்கின்ற சுயநலம் பதவிக்காரனுக்கு வரும்படி செய்வதற்குத்தான் ஏழை கையில் ஓட்டைக் கொடுக்கச் சொல்லுகிறோம். ஓட்டில்லாதவனுக்கு நல்லவர்கள் எத்தனை பேர் பரிந்து பேசினார்கள் என்பதை 1904-க்கும் 1944-க்கும் நடுவேயுள்ள நாற்பது வருஷத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ஓட்டு வந்தபின்தான் பென்ஷனும் சம்பளமும் வந்தது. இது எதிரிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

1954-ல், பள்ளிக்கூடத்தில் வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு இடம், கறுப்புப் பிள்ளைக்கு ஒரு இடம் என்று பிரிப்பது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் செய்தது. உடனே வெள்ளை ஆதிக்கக்காரர்கள் கிளம்பினார்கள். லூசியானாவில் அவர்களுக்குத் தலைவர் கிளெய்பர்ன் பாரிஷிலிருந்து சட்டசபையின் மேல்சபைக்கு வந்த வில்லி ரெயினாக் என்பவர். பிரிவினையைக் காப்பதற்காகச் சட்டசபையில் ஒரு கமிட்டி ஏற்படுத்தி அதற்கு அவரே தலைவரானார். வெளியிலே ‘சிட்டிஜன்ஸ் கவுன்சில்’ என்று ஊர் ஊராகச் சங்கம் வைத்தார்கள். அவர்கள் ஒரு சிறு புஸ்தகம் போட்டார்கள். பிரிவினைப் போராட்டத்தில் ஜெயிப்பதற்குச் சாவி ஓட்டர் தகுதிச் சட்டங்கள்தான் என்று அதன் தலைப்பிலேயே அச்சடித்திருந்தார்கள். ஒளிவு மறைவு இல்லை. தகுதி, தகுதி என்று சொல்லுகிறவன் அதை எதற்காகச் சொல்லுகிறான் என்பதை அவனே எழுதிக் கையொப்பமிட்ட மாதிரிதான்.

அவர்கள் கையாண்ட முறை இதுதான். ஜாபிதாவில் உள்ள இரண்டு ஓட்டர்கள் சேர்ந்து இன்னொருவருக்குத் தகுதியில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். ஆட்சேபிக்கப்பட்டவர் பத்து நாளைக்குள் மூன்று சாட்சிகளோடு வந்து நிரூபித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெயர் போய்விடும். 1956-ம் வருஷம் வசந்த காலத்தில் மன்ரோ நகரம் உள்ள வாஷிட்டா பாரிஷில் இதை ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பருக்கு நோட்டீசு பறந்தது. ஜனங்கள் விடியற்காலை 5 மணிக்கே வந்து வரிசையில் நின்றார்கள். ரிஜிஸ்திரார் ஒரு நாளைக்கு 50 பேருக்கு மேல் விசாரிக்கமாட்டேன் என்றார். பத்து நாளும் போய்விடும், இல்லையா? சாட்சி அதே வட்டாரத்துக்காரனாக இருக்கவேண்டும் என்றார். சாட்சிக்கு வந்தவன் பேரிலேயே ஆட்சேபம் இருந்தால் அவன் சாட்சி செல்லாது என்றார். மூவாயிரம் பேருக்கு மேல் ஓட்டிழந்தார்கள். எர்ல் லாங் அந்த வருஷம் மே மாதத்தில்தான் பதவியேற்றார். அதற்குள் அங்கே காரியம் முடிந்துவிட்டது.

பிறகு வாஷிங்டன் பாரிஷ் என்ற இடம். தலைநகரமான வாஷிங்டன் வேறு. இது பொகலூசா என்னும் ஆலைப் பட்டணம் உள்ள ஜில்லா. இங்கே ஏறக்குறைய 1,500 கறுப்பு ஓட்டர்களில் 1,377 பேருடைய பெயர்களை அடித்தார்கள். காரணம்? பெயர் பதிகிற பாரத்தில் தன் வயதை வருஷம், மாதம், நாள் என்று கணக்குப் போட்டு எழுதவேண்டும். ஒரு நாள் கூடக் குறைந்தாலும் தப்பு. எழுத்துப் பிழையிருந்தால் தப்பு. இதே பிழைகள் வெள்ளைக்காரர்களுடைய பாரங்களிலும், ஆட்சேபித்தவர்களுடைய சொந்தப் பாரங்களிலும் இருந்தன. ஆனால் பெயரிழந்த வெள்ளையர் மிகச் சிலரே. இன்னொன்று கேளுங்கள். ஒரு கறுப்பருடைய ஓட்டை எழுத்துப் பிழைக்காக ஆட்சேபித்த மகானுபாவர், பிழை என்று எழுதுகிற அந்த இடத்தில் ‘ஸ்பெல்லிங்’ என்ற வார்த்தையைத் தாமே தப்பாக ‘ஸ்பில்லிங்’ என்று எழுதிவிட்டார்! மத்திய சர்க்கார் நியமித்த சிவில் உரிமைக் கமிஷன் இதை 1959-ல் தன் அறிக்கையில் அச்சுப்போட்டு உலகத்துக்குக் காட்டியது.

1959 மே மாதத்தில் இந்த விவகாரம் பேட்டன் ரூஜ் நகரத்தில் சட்டசபைக்கு வந்தது. பெயரடிக்கும் அதிகாரத்துக்குக் கடிவாளம் போடவேண்டும் என்பது லாங்கின் கட்சி. இன்னும் இறுக்கவேண்டும் என்பது ரெயினாக்கின் கட்சி. லாங்குக்கு அப்போது 63 வயது. இருதய நோய் உள்ளவர், நாள் கணக்கில் தூக்கமில்லை, குடியும் அதிகமாயிருந்தது. அந்த நிலையில் சபையில் எழுந்தார். ரெயினாக்கை நேருக்கு நேராக விளித்து, நீர் என்றைக்காவது ஒரு நாள் உம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைக் கழுவிக்கொண்டு நிலாவைப் பார்த்துக் கடவுளை நினைக்கிறபோது கறுப்பரும் மனிதர்தான் என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும் என்கிற பாவனையில் பேசினார். கடவுளை இதில் இழுத்தது அவர் பழக்கதோஷம். ரெயினாக்கும் அதே கடவுளைக் கும்பிட்டுக்கொண்டுதான் பெயரடித்துக்கொண்டிருந்தார் என்பதால் அந்தப் பகுதியை நாம் தள்ளிவிடலாம். அவர் கறுப்பரைக் குறிக்கச் சொன்ன வார்த்தையும் வெள்ளையர் வசவாக வழங்கி வந்த இழிவான வார்த்தைதான். அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மனிதர் என்கிற அந்த ஒரு சொல்லை 1959-ல் அந்தச் சபையில், அந்தக் கூட்டத்தின் முகத்துக்கு எதிரே சொல்வதற்கு வேறு எந்தப் பெரிய பதவிக்காரருக்கும் வாய் வரவில்லை.

பேச்சு பேச்சாக இல்லை. கத்தினார், ஏசினார், சம்பந்தமில்லாததெல்லாம் பேசினார். கவர்னருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. மே 30-ந் தேதி அவரை மனைவியும் உறவினரும் சேர்ந்து சர்க்கார் விமானத்தில் ஏற்றிப் பக்கத்து மாகாணமான டெக்ஸாஸில் கால்வெஸ்டன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயிருந்து கோர்ட்டு மூலமாக வெளியே வர வழி தேடினார். நியூ ஆர்லியன்ஸில் வைத்தியம் செய்துகொள்ளுகிறேன் என்று சொல்லி வந்தார். அங்கே தங்காமல் தலைநகருக்குப் புறப்பட்டார். வழியில் பிடித்து மான்டவில் என்ற ஊரிலுள்ள மாகாணப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஒரு மாகாணத்தின் கவர்னர், தம் சர்க்காரே நடத்துகிற பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கைதி!

இது ரெயினாக் கோஷ்டியாரின் சூழ்ச்சி என்று சொல்ல நாம் தயாராயில்லை. உடம்பு கெட்டிருந்தது நிஜம். வீட்டுக்குள் சண்டையிருந்ததும் நிஜம். ஒரு நடனக்காரியோடு அவருக்கிருந்த சிநேகம் அமெரிக்கா முழுதும் சிரித்தது. ஆனால் ஒன்று பாருங்கள். பாட்டன் ஓட்டுப் போட்டால் பேரனுக்குத் தகுதி வந்துவிடும் என்று எழுதினவர்களை யாரும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. ‘ஸ்பில்லிங்’ பிழைக்கு ஓட்டைப் பிடுங்கினவரை எந்த டாக்டரும் வந்து பார்க்கவில்லை.

அங்கேயிருந்து எப்படி வெளியே வந்தார் என்பது வேடிக்கை. ஆஸ்பத்திரிக்குள் இருந்தாலும் கவர்னர் கவர்னர்தானே? மாகாண ஆஸ்பத்திரிகளுக்குத் தலைமை அதிகாரியை வேலையிலிருந்து நீக்கினார். வேறொருவர் வந்தார். மான்டவில் ஆஸ்பத்திரிக்குப் புதிய டாக்டர் வந்தார். கவர்னருக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று புதியவர் சொன்னார். ஜூன் 26-ந் தேதி கவிங்டன் என்ற ஊரில் விசாரணை நடந்து விடுதலையானார். ஜனங்கள் சிரித்தார்கள், நமக்கும் சிரிப்பு வருகிறது. கூடவே, அதே ஆஸ்பத்திரியில் உறவினர் கையெழுத்தினால் அடைபட்டுக் கிடந்த மற்றவர்களுக்கு அதிகாரியை நீக்குகிற அதிகாரம் கிடையாதே என்கிற எண்ணமும் வராமலில்லை.

இவர் பேரில் உள்ள குறைகளை விட்டுவிட்டுப் போவது நியாயமல்ல. நிறப் பிரிவினை கூடாது என்று இவர் என்றைக்கும் பகிரங்கமாகச் சொன்னதில்லை. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து விளையாடக்கூடாது என்கிற கேவலமான சட்டத்துக்கு 1956-ல் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். அது செல்லாது என்று 1959-ல் சுப்ரீம் கோர்ட்டுதான் முடிவு செய்தது. வாஷிங்டன் பாரிஷில் 1,377 பெயர் போனதும் இவர் கவர்னராயிருந்த காலத்திலேதான். கத்தினாரே தவிரத் தடுக்க முடியவில்லை. அந்தப் பெயர்களைத் திருப்பிச் சேர்க்கும்படி 1960 ஜனவரியில் உத்தரவு போட்டவர் ஸ்கெல்லி ரைட் என்ற மத்திய சர்க்கார் ஜட்ஜு. அதை அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மற்ற வெள்ளைத் தலைவர்களுக்கு முன்னாலேயே கண்டுகொண்டவர் லாங். பிளாக்மின்ஸ் என்ற பாரிஷில் லியாண்டர் பெரெஸ் என்று ஒரு குட்டி ராஜா இருந்தார். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். பள்ளிக்கூடத்தில் கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கவிடாமல் அவர் செய்த அமளியைப் பாதிரிமார்களே சகிக்கமாட்டாமல் 1962-ல் அவரை மதத்தைவிட்டு விலக்கி வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். மத்திய சர்க்காரை எதிர்த்தே தீருவோம் என்று வீரம் பேசிய அந்தப் பெரெஸைப் பார்த்து, “இனி என்ன செய்வீர் லியாண்டர்? அணுகுண்டு அவர்கள் கையிலல்லவா இருக்கிறது?” என்கிற விதமாகக் கேட்டாராம் லாங்.

1959 கடைசியில் நடந்த தேர்தலில் உதவிக் கவர்னர் பதவிக்கு நின்று தோற்றார். அதே தேர்தலில் கவர்னர் பதவிக்கு நின்ற ரெயினாக்கும் தோற்று மூன்றாவதாக வந்தார். ஆனால் ஜெயித்த ஜிம்மி டேவிஸ் பிரிவினைக்காரர்களுடைய ஆதரவில் வந்தவரானதால் ரெயினாக் தோற்றும் அவர் கொள்கை தோற்கவில்லை. 1960 ஆகஸ்டில் லாங் வாஷிங்டன் சட்டசபைக்கான முன்தேர்தலில் நின்றார். தேர்தல் சமயத்தில் மாரடைப்பு வந்தது. செய்தி தெரிந்தால் ஓட்டுப் போய்விடும் என்று, வலியோடு படுத்துக்கொண்டு, ஓட்டுச்சாவடி மூடும் வரையில் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஜெயித்தார். செப்டம்பர் 5-ந் தேதி செத்துப்போனார்.

அவர் செத்த இரண்டாவது மாதமே லூசியானாவில் ஓட்டர் தகுதியை இன்னும் இறுக்கி அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓட்டருக்கு நல்ல நடத்தை இருக்கவேண்டுமாம். கடந்த ஐந்து வருஷத்துக்குள் சட்டச் சடங்கில்லாமல் ஆணும் பெண்ணும் சேர்ந்து குடும்பம் நடத்தியிருந்தால் நடத்தை கெட்டவர்கள். அப்படிக் குழந்தை பெற்றிருந்தால் தாய்க்கும் ஓட்டில்லை, தகப்பன் என்று யோக்கியமாக ஒத்துக்கொண்டவனுக்கும் ஓட்டில்லை. ஒத்துக்கொள்ளாமல் ஓடிப்போனவனுக்கு மாத்திரம் ஓட்டு உண்டு! சடங்கில்லாத கல்யாணத்தைக் கல்யாணமல்ல என்று சொல்லுகிறவர்களுடைய புத்தி எப்படிப்பட்டது என்பதை இந்தக் கூட்டத்தில் உள்ளவர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

ஷரத்துக்கு அர்த்தம் சொல்லும் பரீட்சை, ஓட்டருக்கும் ஓட்டுப் பெட்டிக்கும் நடுவே கட்டிய சுவர் என்று 1963 நவம்பரில் மத்திய கோர்ட்டு சொல்லியது. தீர்ப்பெழுதினவர் லூசியானாக்காரரான விஸ்டம் என்கிற ஜட்ஜு. சுப்ரீம் கோர்ட்டு 1965 மார்ச்சில் அதை ஒத்துக்கொண்டது. அதே வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. இந்த மாதிரி மாகாணங்களில் படிப்புப் பரீட்சை, அர்த்தப் பரீட்சை எல்லாம் நிறுத்தப்பட்டன. ரிஜிஸ்திராரை நம்பமுடியாத இடங்களுக்கு மத்திய சர்க்கார் தன்னுடைய உத்தியோகஸ்தர்களையே அனுப்பிப் பெயர் பதியச் செய்தது. அதற்குமுன் லூசியானாவில் ஓட்டு வயது வந்த கறுப்பரில் நூற்றுக்கு 32 பேர் கூட ஜாபிதாவில் இல்லை. இரண்டு மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 59 பேர் ஆனார்கள்.

அந்த உத்தியோகஸ்தர்கள் அந்த ஆகஸ்டு மாதமே போய் இறங்கிய இடங்களில் ஒன்று, விடியற்காலை 5 மணிக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற வாஷிட்டா பாரிஷ். இன்னொன்று பெரெஸினுடைய பிளாக்மின்ஸ். பெரெஸ் அப்போது உயிரோடிருந்தார்.